அலுவலக மோட்டார் பிளைண்ட்: சீலிங் மூடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கான்ஃபரன்ஸ் ரூம் ஜன்னலில் மோட்டாரால் ஏறி இறங்கும் பிளைண்ட் (சுருள் திரை) பாதியில் நின்றால் எல்லோரும் மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு, ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்பே நடந்த வேலையில் இருக்கும்.

ஜன்னல் குழிக்குள் மாட்டுவதென்றால் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் மில்லிமீட்டரில் எடுத்து, சிறியதைக் கொடுங்கள். அது குழியின் அளவா, துணியின் அளவா என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். மோட்டார் தலையும் பிராக்கெட்டும் இடம் பிடிப்பதால் துணி குறுகலாகத்தான் வரும்.

காசு வீணாவது மோட்டார் தேர்வில்தான். 2.4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், சதுர மீட்டருக்கு 400 கிராம் துணி என்றால் துணி 2.9 கிலோ. துணியின் கீழ் ஓரத்தில் இருக்கும் அடிப்பட்டையையும் சேர்த்தால் 4 கிலோவுக்குப் பக்கம். அதைத் தூக்க 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள மோட்டாரே தாராளம். அதை 10 ஆக்கிவிட்டு, துணி சுருளும் குழாயை மட்டும் 38 மி.மீ.யிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த அகலத்துக்கு அந்தக் குழாய் நடுவில் தொய்யும், துணியில் சாய்வான சுருக்கம் விழும். கூடுதல் பணத்தைத் தடித்த குழாயில் போடுங்கள்.

பிராக்கெட்டை ஜிப்சம் போர்டில் திருகக் கூடாது. கான்கிரீட் ஸ்லாபில் ஆங்கர் அடிக்கணும், இல்லையென்றால் அதற்கென்று போட்ட இரும்புச் சட்டத்தில் பிடிக்கணும். இரண்டு பிராக்கெட்டும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் துணி ஒரு பக்கமாக ஏறி ஓரம் பிய்யும்.

வயரிங்கில் மோசமான தவறு, சாதாரண 230 வோல்ட் நான்கு வயர் மோட்டார்கள் இரண்டை ஒரே ஸ்விட்சில் நேரடியாக இணைப்பது. ஒன்று லிமிட்டில் (நிற்க வேண்டிய எல்லையில்) நின்றதும், இன்னும் ஓடும் மற்றதன் சுருள், கெப்பாசிட்டர் வழியாக வரும் மின்சாரம் நின்றதன் எதிர்த்திசை வயருக்குப் போகும். மோட்டார் திணறும், நாளடைவில் எரியும். ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), அல்லது ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் உள்ளேயே இருக்கும் மோட்டார் வேண்டும். ஏற்ற, இறக்க பட்டன்கள் ஒரே நேரத்தில் அழுந்தாத ஸ்விட்சாக வாங்குங்கள். வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸுக்கு நேராக, சீலிங்கில் திறந்து மூடும் டிராப் டோர் விடச் சொல்லுங்கள். பிறகு சீலிங்கை வெட்டுவது யார் செலவு என்ற சண்டை வராது.

ரிமோட் மோட்டாரின் ஆன்டெனா வயரை வெட்டாதீர்கள், உலோக சீலிங் தகட்டின் மேல் சுருட்டியும் வைக்காதீர்கள்.

சோதனையில் தொடர்ந்து நான்கைந்து நிமிடம் ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகித் தானே நிற்கும். கழற்ற வேண்டாம், ஆறவிட்டால் ஓடும். கீழ் லிமிட்டை, அடிப்பட்டை ஜன்னல் திட்டைத் தொடாமல் சற்று மேலேயே நிற்கும்படி வையுங்கள். பட்டை திட்டில் உட்கார்ந்தபின்னும் குழாய் சுற்றினால் துணி தளர்ந்து, அடுத்த முறை கோணலாகச் சுருளும்.