மயக்கத்தில் ஏதோ கேட்டது என்று சொல்பவரிடம் எப்படி விசாரிப்பது?

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வீட்டு ஆள் ஒருவர் "உள்ளே யாரோ பேசினது கேட்டுச்சு" என்றால், "கனவா இருக்கும், விடு" என்று வாயை அடைத்துவிடாதீர்கள்.

முதலில் என்ன மயக்கம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தால் பேச்சு கேட்பது இயல்பு. எண்டோஸ்கோபிக்குக் கொடுக்கிற லேசான தூக்க மருந்திலும் அப்படித்தான்.

முழு மயக்கம்தான் என்றால், 1970-ல் பிரைஸ் என்ற டாக்டரும் சகாக்களும் வகுத்த கேள்விகள் இருக்கின்றன, மயக்க மருந்து டாக்டர்கள் இன்றும் அவற்றைத்தான் சற்று மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். தூங்குவதற்கு முன் கடைசியாக ஞாபகம் இருப்பது எது? விழித்ததும் முதலில் ஞாபகம் இருப்பது எது? இடையில் ஏதாவது? கனவு வந்ததா? எல்லாவற்றிலும் மோசமாகப்பட்டது எது? இவ்வளவுதான். "கத்தி பட்டது தெரிஞ்சுதா?" என்று எடுத்துக் கொடுத்தால் இல்லாத ஞாபகமும் முளைத்துவிடும். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள், ஏனென்றால் சிலருக்கு நினைவு தாமதமாகத்தான் வரும்.

முழு மயக்கத்தின் நடுவே விழிப்பு வருவது அபூர்வம்தான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்களாகச் சொன்னவர்கள் சுமார் 19,000 பேருக்கு ஒருவர். முழு மயக்கத்தில் சிசேரியன் என்றால் 670-க்கு ஒருவர். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களிடம்தான் அதிகம், விழிப்பு வந்தாலும் விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாதே.

ஞாபகம் இல்லை என்றால் மூளைக்கு எதுவும் எட்டவில்லை என்றும் அர்த்தமில்லை. கையில் பி.பி. பட்டையை இறுக்கி, தசை மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாமல் தடுத்துவிட்டு "கையை அழுத்துங்க" என்று சொல்லிப் பார்த்த சோதனைகளில் சிலர் அழுத்தியிருக்கிறார்கள், விழித்தபின் பெரும்பாலும் அது அவர்களுக்கு நினைவில்லை. ஜெர்மனியில், மயக்கத்தில் இருந்தவர்களுக்கு ஹெட்ஃபோனில் இதமான பேச்சும் இசையும் போட்டபோது பிறகு வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. (ஆபரேஷன் தியேட்டருக்குள் வாய்க்கு வந்ததைப் பேசுபவர்கள் கவனிக்க.)

சரி, நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறது என்று பட்டால், எழுதிய தாளோடு அதே மயக்க மருந்து டாக்டரைப் போய்ப் பாருங்கள், அன்றைய மயக்கப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். கெட்ட கனவு, மல்லாந்து படுக்கவே பயம் என்று தொடர்ந்தால் மனநல டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே இதைச் சொல்லிவிட வேண்டும், கூடவே குடிப்பழக்கம், தூக்க மாத்திரை எல்லாவற்றையும், மாமனார் பக்கத்தில் நின்றாலும் சரி.