உண்மை வீரர்களின் போர்ப்படங்களை மறுபடியும் பார்ப்பது எப்படி?

சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டிய நாளிலிருந்தே கொங்கு மண்ணுக்குச் சினிமா சொந்தம். படம் பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் உண்மையில் வாழ்ந்த ஒரு போர்வீரரின் கதையைப் பார்க்கும்போது கூடுதலாக ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. படம் அவருக்கு என்ன கொடுத்தது, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

யாரைப் பற்றிய படம் என்று பெயர் சொல்ல முடிகிற படமாக இருக்கட்டும். என் பரிந்துரை, 1997இல் வந்த 'பார்டர்'. 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, ராஜஸ்தானின் லோங்கேவாலா எல்லைச் சாவடியில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் சுமார் 120 வீரர்களும் பாகிஸ்தான் டாங்கிப் படையைத் தடுத்து நின்ற கதை. முதல் தடவை இடையில் நிறுத்தாமல், செல்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

அடுத்து, ஆவணத்தைப் படியுங்கள்

வீரதீர விருது பெற்ற ஒவ்வொருவருக்கும் அவர் என்ன செய்தார் என்று விவரிக்கும் அதிகாரபூர்வக் குறிப்பு உண்டு. இந்திய விருதுகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே தேடலாம். சாந்த்புரி மகாவீர் சக்கரம் பெற்றவர். அடைமொழி எதுவும் இல்லாத அந்தச் சில வரிகளைப் படித்தபின் படத்தின் வசனங்கள் வேறு மாதிரி கேட்கும்.

இரண்டாம் தடவை, நோட்டுப் புத்தகத்துடன்

இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்படாதீர்கள். மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் இறந்தார்? இடமும் பருவமும் சரியா? யாரைக் காணவில்லை?

முதல் கேள்விக்கு 'பார்டர்' படமே போதும். அதில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் பைரோன் சிங் களத்தில் உயிர்த்தியாகம் செய்கிறார். உண்மையான பைரோன் சிங் ராத்தோர் சேனா பதக்கம் பெற்று, ஓய்வுபெற்று, 2022 டிசம்பர் வரை வாழ்ந்தார். திரையில் இறந்துபோகும் இளம் அதிகாரி தரம்வீரும் உண்மையில் உயிர் பிழைத்தவர்தான். படத்தில் நம் வீரர்கள் வரிசையாக விழுகிறார்கள். அந்த இரவில் நம் பக்கம் இறந்தவர்கள் இருவர். விடியும் வரை தாக்குப்பிடித்ததும், விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து விமானப்படையின் ஹண்டர் போர் விமானங்கள் வந்து டாங்கிகளை நொறுக்கியதும்தான் அங்கே கிடைத்த வெற்றி. உயிரோடு திரும்பியதே பெரிய வீரம் என்று காட்டியிருந்தால் படம் ஒன்றும் குறைந்திருக்காது என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்விக்கு 1955இல் வந்த 'டு ஹெல் அண்டு பேக்'. ஆடி மர்பி என்ற அமெரிக்க வீரர் தன் வேடத்தில் தானே நடித்த படம். 1945 ஜனவரி 26 அன்று பிரான்ஸில், எரிந்துகொண்டிருந்த ஒரு டாங்கி எதிர்ப்பு வண்டியின் மேல் ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் சுட்டபடியே, தொலைபேசியில் பீரங்கிப் படைக்கு இலக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் மர்பி. காலில் காயம், தரையெல்லாம் பனி. படத்தில் அந்தப் பனியே இல்லை, வண்டியும் வேறு. அந்தக் குளிரைச் சேர்த்து நினைத்துக்கொண்டு காட்சியை மறுபடி பாருங்கள்.

மூன்றாவது கேள்வி என்னை வாட்டுகிற கேள்வி. 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' கற்பனைக் கதைதான். ஆனால் அந்த ரயில்பாதை உண்மை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-43இல், ஜப்பானியர் போர்க்கைதிகளையும் கூலித் தொழிலாளர்களையும் வைத்து சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. படத்தின் கர்னல் பாலத்தைப் பெருமையோடு கட்டுகிறார். உண்மையில் அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி என்ற பிரிட்டிஷ் அதிகாரியோ வேலையை இழுத்தடிக்கப் பார்த்தவர். அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். கதையோ வெள்ளைக்காரக் கைதிகளைச் சுற்றியே நடக்கிறது. தமிழராகிய நாம் இந்தப் படத்தை மறுபடி பார்க்கும்போது அந்த மனிதர்களையும் தேடத்தான் வேண்டும்.

பிறகு, ஊரில் விசாரியுங்கள்

ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கம் எந்த ஊரிலும் "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அவரோடு சேர்ந்து படம் பாருங்கள். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள், சாப்பாடு, பூட்ஸ், இரவுக் காவல் இவற்றைப் பற்றிக் கேளுங்கள். எனக்குப் பெரியப்பா முறையாகும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், பதுங்குகுழிக்குள் வீரர்கள் சத்தமாகப் பேசும் காட்சியில் நிறுத்தச் சொன்னார். "ராத்திரியில் பீடி பற்ற வைத்தாலே அந்தப் பக்கம் தெரிந்துவிடும் சாமி. இருமல் வந்தால் துண்டை வாயில் திணித்துக்கொள்வோம்" என்றார். எந்த விருதுக் குறிப்பிலும் இது இருக்காது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்று படங்களையும் ஒரே வாரத்தில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். 'பார்டர்' முதலில், மர்பி அடுத்து, குவாய் கடைசியில். அதற்குப் பிறகு 1941இல் வந்த 'சார்ஜண்ட் யார்க்' படத்துக்குப் போகலாம். தன் கதையைப் படமாக்க நெடுநாள் மறுத்து வந்தவர், முதல் உலகப்போரில் சண்டையிட்ட அமெரிக்க வீரர் ஆல்வின் யார்க். ஏன் மறுத்தார், பிறகு ஏன் சம்மதித்தார் என்று படித்துவிட்டே அந்தப் படத்தைப் போடுங்கள்.