கோ-கார்ட் ஸ்டாண்ட்: முதலில் எடை, அப்புறம் வெல்டிங்

நான் செய்த முதல் ஸ்டாண்டில் கோ-கார்ட்டை (சின்ன ரேஸ் வண்டி) ஏற்றி, முன் சக்கரங்கள் இரண்டையும் நோஸ் கோனையும் (முன்மூக்கு மூடி) கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. பின்னால் குந்தியிருந்த தம்பி, பின் பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கார்ட் அப்படியே பின்பக்கம் சாய்ந்து ஸ்டாண்டை விட்டு இறங்கிவிட்டது. அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பம்பர் வளைந்தது, பிரேக் டிஸ்க் தரையில் இடித்துக் கோணிப் போனது. ஸ்டாண்டில் ஒரு வெல்டிங்கூட விடவில்லை, நான்கு காலும் நேராகத்தான் நின்றன. நான் பைப் வைத்த இடம்தான் தப்பு.

அதற்குப் பிறகு இரண்டாவதாக ஒரு ஸ்டாண்ட் செய்தேன். இன்றுவரை அதில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. எங்கள் கார்ட் பழையதாக வாங்கிய சீனியர் கார்ட், 125 சிசி ரோட்டாக்ஸ் மேக்ஸ் இன்ஜின், வீல்பேஸ் (முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை உள்ள தூரம்) 104 செ.மீ. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் கோவையில் ரேஸ் ஆசையோடு வளரும் பையன்களுக்குக் குறைவில்லை. பைப் கடை, லேத் பட்டறை, பழைய மில் சாமான் கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒரு ஸ்டாண்டை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

கார்ட்டின் அடிப் பைப் தரையிலிருந்து நான்கு செ.மீ. உயரத்தில்தான் இருக்கும், பின் ஆக்சில் (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு) 14 செ.மீ. உயரத்தில். ஸ்டாண்ட் இல்லாமல் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றிப் பார்த்தவர்களுக்கு இடுப்பு வலி எங்கே தொடங்கும் என்று தெரியும். இனி நேராக வேலைக்குப் போவோம். வெல்டிங் தெரியும், அல்லது தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கார்ட்டை எடை போடுங்கள்

இந்தப் படியைத்தான் நான் முதல் தடவை தாண்டிப் போனேன். வீல்பேஸை டேப் வைத்து அளந்தேன், நடுவைக் குறித்தேன், அந்த நடுவுக்கு இரண்டு பக்கமும் 25 செ.மீ. தள்ளி, கார்ட் உட்கார ஒவ்வொரு குறுக்குப் பைப் வைத்தேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் கார்ட்டின் எடை நடுவில் இல்லை. இன்ஜின், சீட், ஆக்சில், டிஸ்க், அகலமான டயர் எல்லாம் பின்னால் இருக்கின்றன.

வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தால் போதும். ஒரு சக்கரத்துக்கு அடியில் மெஷின், மற்ற மூன்றுக்கும் அடியில் அதே உயரத்துக்குப் பலகை. ஒரு சக்கரம் அரை அங்குலம் தாழ்ந்தாலும் எடை தப்பாகக் காட்டும், அதனால் பலகை விஷயத்தில் சோம்பல் வேண்டாம். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கட்டும். டேங்க் கால்களுக்கு நடுவே முன்பக்கம் இருப்பதால், எட்டு லிட்டர் ஊற்றினாலே ஆறு கிலோ முன்னால் ஏறிக் கணக்கு மாறிவிடும்.

எங்கள் கார்ட்டில் வந்த எடை: முன் இடது 14, முன் வலது 16, பின் இடது 22, பின் வலது 28. மொத்தம் 80 கிலோ. அதில் முன்னால் 30, பின்னால் 50.

முன் எடையை வீல்பேஸால் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால், பின் ஆக்சிலிலிருந்து எடை மையம் எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். 30 × 104 ÷ 80 = 39 செ.மீ. ஆக்சிலிலிருந்து 39 செ.மீ. முன்னால் சுண்ணாம்புக்கட்டியால் சேசிஸில் (கார்ட்டின் பைப் சட்டத்தில்) ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால், அந்தக் கோட்டுக்கு அடியில் ஓர் உருண்டைப் பைப்பைக் குறுக்கே கொடுத்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பாருங்கள். சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் சமமாக ஆடினால் கணக்கு சரி.

இப்போது என் முதல் ஸ்டாண்டை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பின் குறுக்குப் பைப் ஆக்சிலிலிருந்து 27 செ.மீ. முன்னால் இருந்தது, முன் பைப் 77-ல். எடை மையம் 39-ல் இருந்ததால் கார்ட் நின்றது. ஆனால் பின் பைப்புக்கும் எடை மையத்துக்கும் நடுவே 12 செ.மீ. மட்டுமே இடைவெளி. முன் சக்கரங்களும் நோஸ் கோனும் சேர்ந்து ஏழு கிலோ. அவற்றைக் கழற்றியதும் எடை மையம் பின்னால் நகர்ந்து 32.5-க்கு வந்துவிட்டது, மிச்சம் ஐந்தரை செ.மீ. அந்த நிலையில் பின் பம்பரில் ஒன்பது கிலோ அழுத்தினாலே கார்ட் கவிழும். ஒருவர் கையை ஊன்றி எழுந்தால் அதைவிட அதிகமாகவே அழுத்துவார்.

2. குறுக்குப் பைப்புக்கு இடம் குறிப்பது

எடை மையம் இரண்டு பைப்புக்கும் நடுவில் வர வேண்டும். 39-க்கு இரண்டு பக்கமும் 25 என்றால் பின் பைப் 14-ல், முன் பைப் 64-ல். இப்படி வைத்தால், முன் சக்கரமும் நோஸும் இல்லாத நிலையிலும் பின் பம்பரில் 40 கிலோ கொடுத்தால்தான் கவிழும்.

பின் பைப்பை இன்னும் பின்னால் தள்ளினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். தள்ள முடியாது, ஏனென்றால் ஆக்சிலில் இடது பக்கம் டிஸ்க்கும் வலது பக்கம் ஸ்ப்ராக்கெட்டும் தொங்குகின்றன. எங்கள் டிஸ்க் ஆக்சில் மையத்திலிருந்து ஒன்பதரை செ.மீ. வரை வருகிறது, கீழே அடிப் பைப் மட்டத்தையே தொட்டுவிடும் அளவுக்கு இறங்குகிறது. பைப்பின் பாதி அகலம் இரண்டு செ.மீ.யைச் சேர்த்தால் 12 செ.மீ.க்குக் குறைவாகப் போகவே கூடாது. டிஸ்க் மேல் கார்ட் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்துவிட்டேன். பிரேக் பைப் எந்த வழியாக ஓடுகிறது என்றும் அடியில் படுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, சேசிஸ் முறுக்கிக் கொடுப்பதுதான் சஸ்பென்ஷன். அதனால் குறுக்குப் பைப்புகள் முக்கியமான நீளப் பைப்புகளைத்தான் தாங்க வேண்டும். ஃப்ளோர் தகடோ சைடு பாட் (பக்கவாட்டு மூடி) கம்பியோ மேலே உட்காரக் கூடாது.

3. பைப் வாங்குவது, வெட்டுவது

எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஸ்கொயர் பைப் 40×40 மி.மீ., 2 மி.மீ. கனம், 6 மீட்டர் நீளம் ஒன்று. 25×25, அதே கனத்தில் ஒன்று. ஜி.ஐ. பைப் வேண்டாம். துரு பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள். ஆனால் துத்தநாகப் பூச்சு மேல் வெல்டிங் வைத்தால் வரும் புகை உடம்புக்குக் கெடுதல்.

40×40-ல் வெட்ட வேண்டியவை: அடிச்சட்டத்துக்கு 80 செ.மீ. இரண்டு, 57 செ.மீ. இரண்டு, கால்களுக்கு 42 செ.மீ. நான்கு, மேல் குறுக்குக்கு 75 செ.மீ. இரண்டு. மொத்தம் 592 செ.மீ. கட்டிங் வீல் ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மி.மீ. தின்னும், அதையும் சேர்த்தால் ஒரே பைப்பில் மட்டுமட்டாக முடிந்துவிடும். ஆகவே 75 செ.மீ. துண்டுகளை முதலில் வெட்டுங்கள், காலைக் கடைசியில் வெட்டுங்கள். இரண்டு மி.மீ. குறைந்தாலும் நான்கு காலையும் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். 25×25 பைப், கால்களுக்கு நடுவே மேலே கொடுக்கும் இணைப்புக்கும் மூலைவிட்ட முட்டுகளுக்கும்.

4. டாக் வைத்து மூலைவிட்டம் பார்ப்பது

அடிச்சட்டம் 80×65. நான்கு மூலையிலும் டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்துவிட்டு, மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 103.1 செ.மீ. வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மி.மீ. வித்தியாசம் வரை விடலாம், அதற்கு மேல் இருந்தால் நீளமான மூலையில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யுங்கள். மூலை மட்டத்தை மட்டும் நம்பினால் பைப்பின் வளைவு ஏமாற்றும். எனக்கு டேப்தான் நம்பிக்கை.

கால்கள் அடிச்சட்டத்தின் நீளப் பைப்புகள் மேல் நிற்கும், மையத்துக்கு மையம் 50 செ.மீ. இடைவெளி. அவற்றின் மேல் குறுக்குப் பைப். இதையும் டாக் மட்டும்.

இப்போது நான்கு அடி தள்ளிக் குனிந்து, முன் பைப்பின் மேல் விளிம்பு வழியாகப் பின் பைப்பைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒரு முனையில் பின் பைப் ஏறித் தெரிந்தால் ஸ்டாண்ட் முறுக்கியிருக்கிறது, கார்ட் மூன்று இடத்தில் உட்கார்ந்து நான்காவதில் ஆடும். ரசமட்டத்தைவிட இந்தக் கண் மட்டம் துல்லியம், ஏனென்றால் தரை சமமாக இல்லாவிட்டாலும் முறுக்கைக் காட்டிவிடும்.

முழு வெல்டிங்குக்கு 6013 ராட், இரண்டரை மி.மீ., 65-70 ஆம்பியர். ஒரு மூலையை முடித்ததும் அடுத்த மூலைக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து சூடு ஏறினால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். முட்டுகளை நான்கு பக்கமும் வைத்த பிறகு இன்னொரு முறை கண் மட்டம் பாருங்கள். அப்புறம் ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல்.

5. காஸ்டர் (ஸ்டாண்டை உருட்டும் சுழல் சக்கரம்)

இங்கே காசைப் பார்க்க வேண்டாம். மூன்று அங்குலச் சின்னச் சக்கரம் பிட்டில் (ரேஸ் டிராக் ஓரம் வண்டியில் வேலை பார்க்கும் இடம்) இருக்கும் கல் இடுக்கில் சிக்கி நிற்கும், மேலே இருக்கும் 80 கிலோ கார்ட் நிற்காமல் முன்னால் போகும். ரப்பர் போட்ட ஆறு அங்குலம் வாங்குங்கள். நான்கும் சுழலுபவை, இரண்டுக்கு பிரேக். தகட்டை அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்து அதில் போல்ட் நட்டால் காஸ்டரை மாட்டுங்கள், நைலான் நட் போட்டால் அதிர்வில் கழலாது. காஸ்டரையே சட்டத்தோடு வெல்டிங் செய்தால் பேரிங்கில் உள்ள கிரீஸ் உருகிப் போகும், பிறகு மாற்றவும் முடியாது.

சுழலும் சக்கரம் உள்பக்கம் திரும்பும்போது தரையைத் தொடும் இடமும் உள்ளே வந்துவிடும். அடிச்சட்டத்தை மேல் பைப்புகளைவிட முன்னும் பின்னும் 15 செ.மீ. நீட்டியது அதற்காகத்தான். கார்ட் உட்காரும் உயரம் 70 செ.மீ.க்கு நெருங்கி வரும், ஸ்டாண்ட் மட்டும் சுமார் 25 கிலோ.

6. மேலே மெத்தை

பழைய பைக் டியூபைச் சுற்றினேன். பெட்ரோலும் செயின் ஆயிலும் பட்டு ஒரு மாதத்தில் ஊறிப் போய் வழவழவென்று ஆனது. இப்போது மில்லில் கழித்த பட்டை பெல்ட்டை வெட்டி, தலை பதியும் போல்ட்டால் பிடித்திருக்கிறேன், அசையவே இல்லை. போல்ட் தலை பெல்ட் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

சேசிஸின் நீளப் பைப்புகளுக்கு உள்பக்கமாக, ஒவ்வொரு குறுக்குப் பைப்பிலும் இரண்டு இடத்தில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு 25×25 துண்டை நிறுத்தி வெல்டிங் வையுங்கள். கார்ட் பக்கவாட்டில் நழுவாது. அளவை டேப்பில் எடுக்காதீர்கள், கார்ட்டை மேலே வைத்துக் குறித்துவிட்டு, இறக்கிய பிறகு வெல்டிங் செய்யுங்கள்.

7. சோதனை

கார்ட்டை ஏற்றும் முன் இரண்டு சிமென்ட் மூட்டையை மேலே அடுக்கினேன், 100 கிலோ. பிரேக் போட்டு நான்கு பக்கமும் தள்ளிப் பார்த்தேன், பிரேக்கை எடுத்துவிட்டு முற்றத்துக் கல் மேல் உருட்டிப் பார்த்தேன். வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் விரிசல் விட்டால் அங்கே மறுபடி தேய்த்து வைக்க வேண்டும்.

ஏற்றுவது இரண்டு பேர் வேலை. பின்னால் நிற்பவருக்கு 50 கிலோ, முன்னால் நிற்பவருக்கு 30. பலமானவர் பின்னால். தனியாக இருக்கும் நாளில் நான் கொட்டகை விட்டத்தில் மாட்டிய செயின் பிளாக்கில்தான் தூக்குகிறேன்.

சேர்த்தது: இதைப் படித்துச் செய்த ஒருவர், பின் ஆக்சிலை முழுதாக உருவியதும் மூக்கு கீழே இறங்கப் பார்த்தது என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி, நான் விட்டுவிட்டேன். ஆக்சில், சக்கரம், டிஸ்க் எல்லாம் சேர்த்து 17 கிலோ போனால் எடை மையம் 49.5-க்கு முன்னேறிவிடும். அப்போது நோஸ் மேல் பதினோரு கிலோ அழுத்தினாலே கவிழும். ஆக்சிலைக் கழற்றும் முன் சேசிஸின் பின் பகுதியை அடிச்சட்டத்தோடு ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். இழுத்து முறுக்க வேண்டாம், தொய்வு இல்லாமல் இருந்தால் போதும். நானும் இப்போது அந்த பெல்ட்டை ஸ்டாண்டிலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

இன்னொன்று: குழந்தைகளின் மினி கார்ட்டுக்கு இதே அளவு சரிவருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வராது. அதன் வீல்பேஸ் 95 செ.மீ., இன்ஜினும் லேசு. செய்முறை இதுதான், ஆனால் 39, 14, 64 எல்லாம் எங்கள் கார்ட்டின் எண்கள். நான்கு சக்கரத்தையும் எடை போட்டு உங்கள் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்த கார்ட்டுக்கும் அப்படித்தான். எடை போட்ட தாளை ஸ்டாண்டின் காலில் ஒட்டி வைத்தால், பின்னால் இன்ஜின் மாற்றும்போது திரும்பக் கணக்குப் போட உதவும்.