வெளிநாட்டில் படைப்பணி: திருகோணமலையில் உள்ள குடும்பத்தார் ஆவணங்களைச் சீராக வைத்திருக்கும் முறை

லெபனான், தென் சூடான் போன்ற நாடுகளில் ஐக்கிய நாடுகள் அமைதி காக்கும் பணிக்கோ, தூதரகப் பொறுப்புக்கோ, நீண்டகாலப் பயிற்சிக்கோ அனுப்பப்படும் படையினரின் குடும்பத்தார் இங்கே கவனிக்க வேண்டிய அலுவல்கள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குச் சென்றவரின் வீட்டாருக்கும் பொருந்தும்.

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ், படைப்பிரிவிலுள்ள சுயவிபரக் கோவை ஆகிய அனைத்திலும் பெயரும் பிறந்த திகதியும் அதனோடு ஒத்திருக்க வேண்டும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருப்பதும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதும் நம்மிடையே மிகச் சாதாரணம். ஆனால் வெளிநாட்டு அலுவலகமொன்றில் அந்த ஓரெழுத்து வேறுபாடே விண்ணப்பம் திரும்பி வரப் போதுமானது. பிழை பதிவேட்டிலேயே இருந்தால் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சத்தியக் கடதாசியை (சத்தியம் செய்து எழுத்தில் தரும் வாக்குமூலத்தை) மட்டும் இணைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் ஆலோசனை கூறுவார்கள். அது ஓர் அலுவலகத்தில் செல்லும், அடுத்ததில் செல்லாது. ஆகவே, புறப்படுவதற்கு முன்பே பதிவைத் திருத்திவிடுவதுதான் நல்லது.

திருமணமும் அவ்வாறே. கோயிலில் தாலி கட்டியதோ பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்ததோ குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். கொடுப்பனவு, காப்புறுதி, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் ஆகியவற்றுக்குப் பதிவுச் சான்றிதழே கேட்கப்படும்.

குழந்தை வெளிநாட்டில் பிறந்தால் கூடுதல் கவனம் தேவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைக்கு வெளியே பிறந்த பிள்ளை வம்சாவளியால் பிரசாவுரிமை பெறுவதற்கு, பிறந்து ஓராண்டுக்குள் அந்தப் பிறப்பு இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பிலுள்ள உரிய அலுவலகத்திலோ பதியப்பட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் மேலதிக காலம் அளிக்கலாம். அந்தச் சலுகையை நம்பிக் காலம் தாழ்த்துவது வீண் அலைச்சலையே தரும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர், திருமணமான பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தையின் பிரசாவுரிமையே கணக்கில் எடுக்கப்பட்டது. இப்போது தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. அந்நாட்டின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு மற்றும் விவாகச் சான்றிதழ்கள், இருவரின் கடவுச்சீட்டுகள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சான்றிதழ் அரபு மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ இருந்தால், அந்நாட்டு வெளியுறவு அமைச்சின் உறுதிப்படுத்தலையும் மொழிபெயர்ப்பையும் அங்கிருக்கும்போதே பெற்றுவிடுங்கள். ஊர் திரும்பிய பின் அதைப் பெறுவது பெரும்பாடு.

இங்கிருந்து அனுப்பும் சான்றிதழ்களுக்கு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். இதற்காகக் கொழும்புக்கு இரவுப் பேருந்து ஏற வேண்டியதில்லை. திருகோணமலையிலேயே பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் உண்டு. தமிழ்ச் சான்றிதழாயின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் சேர்த்துக் கொண்டு செல்லுங்கள்.

அடையாள அட்டைக்குப் பதினைந்து வயது நிறைந்த பிள்ளைகள் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டைப் பொறுத்தவரை, பல நாடுகள் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடிக் காலத்தைக் கேட்பதால், அதற்கும் முன்னதாகவே புதுப்பிக்கத் தொடங்குங்கள்; 2023 ஜூன் முதல் இணையவழி விண்ணப்பத்துக்கான விரலடையாளத்தைத் தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் வழங்கலாம்.

காணி, வங்கி அலுவல்களுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் அளிக்கும் பத்திரம் வேண்டும். பணியில் இருப்பவர் இலங்கைத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டு அனுப்பும் பத்திரத்தை, இங்கே கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான தத்துவத்தைக் காட்டிலும், மூதூரில் உள்ள இன்ன காணியை விற்பதற்கு, இன்ன கணக்கை இயக்குவதற்கு என்று வரையறுத்து எழுதப்பட்ட விசேட தத்துவமே பாதுகாப்பானது. உறவினர் நம்பிக்கைக்குரியவராக இருந்தாலும் இதையே பரிந்துரைப்பேன். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பதால், அதனை இறுதி விருப்ப ஆவணத்துக்குப் பதிலாகக் கருதக்கூடாது.

இவற்றில் எந்த மாற்றம் நிகழ்ந்தாலும், அதாவது திருமணம், பிறப்பு, இறப்பு, விவாகரத்து, முகவரி மாற்றம் ஆகியவற்றில் எதுவாயினும், அதன் பிரதியைப் படைப்பிரிவின் பதிவகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பேணுங்கள். கோவையில் நெருங்கிய உறவினராகப் பெற்றோரின் பெயரே திருமணத்துக்குப் பின்னும் தொடர்ந்தால், அவசரச் செய்தியும் கொடுப்பனவுத் தொடர்புகளும் மனைவியை விட்டுப் பழைய முகவரிக்கே செல்லும்.