வெளியுறவுக்குப் புதிய தலைமை வேண்டும் என்று பேசுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் கல்லூரிப் பேச்சுப்போட்டி, பட்டிமன்றம் என்றால் சில தலைப்புகள் சுற்றிச் சுற்றி வரும். “வெளியுறவுக் கொள்கையில் நாட்டுக்குப் புதிய தலைமை தேவை” என்பது அதில் ஒன்று. தேவை என்று பேசும் அணிக்குத்தான் கைதட்டல் அதிகம் விழும். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. நேரு 1947 முதல் 1964 வரை பிரதமராகவும் இருந்தார், வெளியுறவுத் துறையையும் தம் கையிலேயே வைத்திருந்தார். சீனாவைப் பற்றிய அவர் கணிப்பு 1962-இல் பொய்த்தது. அதற்கு முன்பே “இது சரிவராது” என்று மறித்துச் சொல்ல, அந்த நாற்காலியில் வேறொருவர் இல்லை. முடிவெடுத்தவரே அதைச் சரிபார்க்கவும் வேண்டியிருந்தால் இந்தக் கதிதான். ஆகவே கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. வாதத்தை எடுத்து வைக்கும்போதுதான் கோளாறு செய்கிறார்கள்.

அதில் பெரிய கோளாறு, ஆளை மாற்றினால் பழைய கையெழுத்தும் அழிந்துவிடும் என்று நம்புவது. “ஆள மாத்தினா எல்லாம் சரியாப் போவும் அண்ணாச்சி” என்று டீக்கடையில் சொல்வதையே மேடையில் கொஞ்சம் செந்தமிழாக்கிச் சொல்கிறார்கள். உதாரணம் கேட்டால் உடனே கச்சத்தீவு. சரி, கச்சத்தீவையே எடுத்துக்கொள்வோம். 1974-இல் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் அந்தத் தீவு இலங்கைப் பக்கம் போகும்படி ஒப்பந்தம் போட்டார்கள். 1976 மார்ச்சில் அதன் தொடர்ச்சியாக மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தார்கள். அதன்பின் மொரார்ஜி தொடங்கி மோடி வரை எத்தனையோ பிரதமர்கள், எத்தனையோ கட்சிகள். கோடு அப்படியேதான் கிடக்கிறது. இரண்டு நாடுகள் கையெழுத்திட்ட தாளை ஒரு நாடு தன் தேர்தல் முடிவை வைத்துத் திருத்த முடியாது.

இரண்டு பேரும் இசைந்தால் நடக்கும், அதற்கும் காலம் பிடிக்கும். அதே 1974-இல் இந்திராவும் முஜிபுர் ரகுமானும் வங்கதேச எல்லை பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மன்மோகன் சிங் 2011-இல் அதற்கு ஒரு துணை ஆவணம் போட்டார். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அவர் அரசு 2013-இல் முயன்றபோது எதிர்த்த பாஜக, ஆட்சிக்கு வந்தபின் 2015-இல் தானே 100-ஆவது திருத்தமாக நிறைவேற்றியது. ஒரு கையெழுத்து நடைமுறைக்கு வர 41 ஆண்டு! இதைச் சொல்லாமல் “புதிய தலைவர் வந்த மறுநாளே” என்று முழங்கினால், எதிரணி எழுந்து ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடும்.

கச்சத்தீவுப் பேச்சில் இன்னொன்றும் விட்டுப் போகிறது. 1976 ஏற்பாட்டில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளப் பரப்பு இந்தியாவுக்கு உரியது என்று உறுதியானது. உவரி, கூடுதாழை, கூட்டப்புளி என்று நம் கரையை வைத்துப் பேசுகிறவர், கொடுத்ததை மட்டும் சொல்லி வாங்கியதை மறைத்தால் கணக்கு உதைக்கும். உண்மையில் அங்கே பேச வேண்டிய வலுவான விஷயம் வேறு. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டது. மார்ச்சில் டெல்லி கடல் எல்லையை வகுத்தது. நெருக்கடி நிலைக் காலம், கேட்க ஆளில்லை. கரையில் வாழ்கிறவனைக் கேட்காமல் கடலைப் பற்றி முடிவெடுக்கும் பழக்கத்தை மாற்ற ஒரு தலைமை வேண்டும் என்று சொல்லுங்கள், அந்த வாதம் நிற்கும். அதை மேடையில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்து, தலைப்புச் செய்தியை மட்டும் பார்த்துவிட்டு “எதுவும் மாறவில்லை” என்று கைவிரிப்பது. கூடங்குளத்தைப் பாருங்கள். அங்கே அணுமின் நிலையம் கட்ட 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். மூன்று ஆண்டு முடிவதற்குள் ராஜீவ் கொல்லப்பட்டார். 1991 கடைசியில் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போனது. ஒப்பந்தம் கிடப்பில் விழுந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தி, அமெரிக்கா தடை போட்டிருந்த நேரத்தில், ஜூனிலேயே வாஜ்பாய் அரசு ரஷ்யாவுடன் துணை ஒப்பந்தம் செய்தது. அணுப்பொருள் விற்கும் நாடுகள் 1992-இல் போட்ட கட்டுப்பாட்டை அமெரிக்கா எடுத்துக் காட்டியது. இது 1988 கணக்கு, உங்கள் விதிக்கு முந்தியது என்று ரஷ்யா பதில் சொன்னது. முதல் உலை 2013 அக்டோபரில் மின்சாரம் தரத் தொடங்கியது.

இதைப் படிக்கிறவருக்கு, யார் வந்தாலும் அதே திட்டம்தானே என்று தோன்றும். ஆனால் உள்ளே ஒரு ஷரத்து மாறியிருக்கிறது. பழைய ஏற்பாட்டின்படி, உலையில் எரித்து முடித்த எரிபொருள் சோவியத்துக்கே திரும்பிப் போக வேண்டும். பின்னால் வந்த ஏற்பாட்டில் அது இந்தியாவிலேயே இருக்கும் என்று ஆனது. மறுபடியும் பக்குவப்படுத்திப் பயன்படுத்தலாம் என்பது டெல்லியின் கணக்கு. அதுவரை எங்கே வைப்பீர்கள் என்பது உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரைக்காரர்களின் கேள்வி. ராதாபுரம் தாலுகாவில் எது தங்கும், எது போகும் என்பதை அந்த ஒரு வரி தீர்மானித்தது. புதிய தலைமை என்ன செய்தது என்று பார்க்க வேண்டிய இடம் அப்படிப்பட்ட வரிகள்தான்.

பழையது முழுக்கத் தப்பு என்று பேசுவதும் எடுபடாது. 1977-இல் ஜனதா ஆட்சி “உண்மையான அணிசேராமை” என்று சொல்லிக்கொண்டு வந்தது. 1971-இல் இந்திரா செய்த சோவியத் உடன்படிக்கையை அது கைவிடவில்லை. ஆனால் புதிய வழியும் தேடி, அதன் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் 1979-இல் சீனாவுக்குப் போனார். அவர் அங்கே இருக்கும்போதே சீனா வியட்நாமைத் தாக்க, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார். போனது தப்பா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கட்டிப்பிடிக்கும் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது இப்போது ரொம்ப அதிகம். 1990-இல் குவைத்தை ஈராக் பிடித்தபோது, பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத வி.பி. சிங் அரசின் அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைக் கட்டித் தழுவினார். அந்தப் படத்துக்காக உலகமே கரித்துக் கொட்டியது. அந்தச் சில வாரங்களில் சுமார் 1,70,000 இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். அங்கே போய் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் வேறு மாதிரிப் பதில் வரும்.

வெளியுறவு அமைச்சரை மட்டும் குறிவைப்பதும் வீண். முடிவு பெரும்பாலும் பிரதமர் அலுவலகத்தில்தான் எடுக்கப்படுகிறது. 1998-இலிருந்து தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்று ஒருவரும் பக்கத்தில் இருக்கிறார். பொதுவாக ஒப்பந்தம் போட நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் தேவையில்லை. அந்த முறையே மாற வேண்டும் என்று சொல்ல வந்தால், அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. ஒப்பந்தங்களின் வாசகம் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. மேடை ஏறும் முன் இலங்கையோடு போட்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சின்னதுதான். மீன்பிடிப்பு பற்றி முதலாவதில் என்ன இருக்கிறது, இரண்டாவதில் என்ன இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டால், எதிரணி கேட்கப்போகும் பாதிக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.