ஊசிக்கு முன் ஆசிலோஸ்கோப்

அக்குபஞ்சர் மின்தூண்டல் கருவி எலியின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று சோதிக்க வருபவர்கள் நேராக ஊசியைத்தான் எடுக்கிறார்கள். நான் முதலில், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை எடுக்கச் சொல்வேன்.

கருவியின் இரு முனைகளுக்கு நடுவே 1 கிலோ ஓம் மின்தடையை மாட்டுங்கள். அலையின் உச்சம் 1 வோல்ட் என்றால் 1 மில்லியாம்பியர் ஓடுகிறது. அடுத்து 2 கிலோ ஓம் மாட்டுங்கள். வோல்ட் இரட்டித்தால் சரி, மின்தடை மாறினாலும் மின்னோட்டம் மாறவில்லை. இரட்டிக்கவில்லை என்றால், ஊசி எப்படிப் பதிந்தது என்பதைப் பொறுத்து எலிக்கு எலி மின்னோட்டம் மாறும், டயலில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அலை பூஜ்யக் கோட்டின் இரு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள். ஊசி அரித்து, தசையும் புண்ணாகும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகே எலி. பரம்பரையாகவே ரத்த அழுத்தம் ஏறும் எஸ்.எச்.ஆர். எலிகளை 1963இல் ஒகாமோட்டோவும் ஆவோகியும் அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

பெரிய சிக்கல் எலியின் பயம். அளவெடுக்க, அசையாதபடி குழாய்க்குள் அடைத்தாலே அழுத்தம் எகிறும். நாளாக ஆகப் பழகி இறங்கும். அந்த இறக்கத்தைக் கருவியின் கணக்கில் எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். மயக்க மருந்து கொடுத்தால் அதுவே அழுத்தத்தை இறக்கிவிடும். அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே குழாய்க்கும், வாலில் மாட்டி அழுத்தம் அளக்கும் வால்பட்டைக்கும் பழக்குங்கள். வாலைச் சூடாக்குங்கள், குளிர்ந்த வாலில் நாடித்துடிப்பே சரியாகப் பதிவாகாது. தினமும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். எந்த அளவை ஒதுக்குவது என்ற விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பணம் இருந்தால் உடலுக்குள் பதித்து, அழுத்தத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் டெலிமெட்ரி மேல், குழாய்த் தொல்லையே இல்லை.

குழுக்கள் நான்கு வேண்டும்: குழாய் மட்டும், ஊசி மட்டும், வேறு இடத்தில் ஊசியும் மின்சாரமும், கடைசியாக முழங்காலுக்குக் கீழே சூசான்லி என்ற அக்குபஞ்சர் புள்ளியில் உண்மையான தூண்டல். ஆய்வுகளில் அடிக்கடி வரும் அமைப்பு 2 ஹெர்ட்ஸ், 30 நிமிடம். மின்னோட்டத்தை, கால் லேசாகத் துடிக்கும் அளவில் நிறுத்துங்கள். எலி கத்தினால் அது வலி, அழுத்தமும் ஏறும். அந்தத் துடிப்பு எது எந்தக் குழு என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அழுத்தம் அளப்பவர் அப்போது அறையில் இருக்கக் கூடாது.

கருவியை நிறுத்தியதும் மூட்டை கட்டாதீர்கள். அடுத்த சில மணி நேரமும், சிகிச்சை முடிந்த வாரங்களிலும் அளந்தால்தான் இறக்கம் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியும்.