இரண்டாவது சனிக்கிழமை, மாடியில் படம்

மதுரையில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை படம் போடுகிறோம். மூன்று வருடமாகிறது. ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே ஊரில் இருந்துகொண்டே கல்யாணப் பந்தியில் மட்டும் பார்த்துக்கொள்கிறோமே என்ற வருத்தத்தில் தொடங்கியது இது. நீங்களும் தொடங்க நினைத்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புரொஜெக்டர் வாங்கும் முன்பே நாளை முடிவு செய்துவிடுங்கள். எல்லாருக்கும் எந்த நாள் தோது என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் அப்படி ஒரு நாள் வரவே வராது. முதல் மூன்று மாதம் கேட்டுக் கேட்டே கழிந்தது, ஒரு படமும் பார்க்கவில்லை. அப்புறம் இரண்டாவது சனி, ஏழரை மணி என்று வைத்துவிட்டோம். முடிந்தவர்கள் வரலாம், வராததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆவணியில் ஒரே நாளில் நாலைந்து கல்யாணம். மாடிக்கு வந்தது இரண்டே பேர். அன்றும் திரை கட்டினோம். ஆள் குறைவு என்று ஒரு தடவை நிறுத்தினால், அடுத்த மாதம் "இந்தத் தடவை உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு இடமே கொடுக்காதீர்கள்.

திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். ஒற்றைத் துணியில் வெளிச்சம் பின்பக்கம் போய்விடும்; இரட்டையாக இருந்தால் படம் நன்றாக நிற்கும். எங்கள் புரொஜெக்டரை எட்டடி தள்ளி வைத்தால் ஆறடி அகலத்துக்குப் படம் விழுகிறது, வேட்டிக்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. காற்றில் ஆடாமல் இருக்க அடிக்கரையில் ஒரு மூங்கில் கழியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். கழி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் முன்னால் பாயில் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்கும். பாய் முன்னால், நாற்காலி பின்னால்.

புரொஜெக்டர் வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமென்ஸ் எண்ணை, அதாவது வெளிச்ச அளவை, நம்ப வேண்டாம். தரப்படுத்திய முறையில் அளந்த ஆன்சி லூமென்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். நன்றாக இருட்டிய மாடியில் இந்த அளவு படத்துக்கு முந்நூறு இருந்தாலே போதும். இன்னொன்று: செல்போன் திரையை அப்படியே புரொஜெக்டருக்கு அனுப்பினால் பல ஓடிடி செயலிகள் படத்தைக் கறுப்பாக்கிவிட்டுச் சத்தத்தை மட்டும் விடும். எங்கள் முதல் சனிக்கிழமை இதிலேயே முக்கால் மணி நேரம் போனது. லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, வெள்ளிக்கிழமை இரவே ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் வயர்தான் நல்லது. புளூடூத்தில் உதடு அசைந்த பிறகு குரல் வரலாம், கவனித்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் கண்ணில் படும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடித் தரையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் அப்போதுதான் உட்காரும்படி ஆறும். வைகாசியில் ஏழேகாலுக்கு முன்னால் திரை வெளுத்துத் தெரியும். மார்கழியில் ஆறே முக்காலுக்கே போடலாம். மழைக்கு மறுநாள் ஈசல் புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு வந்து மொய்க்கும். அன்றைக்கும், ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் படம் ஹாலில்தான். சுவரில் வேட்டி, எட்டுப் பேர், கொஞ்சம் நெருக்கம்.

இரவு பத்து மணிக்குள் படம் முடிந்துவிட வேண்டும். இரைச்சலுக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளிலும் பத்திலிருந்து காலை ஆறு வரை இரவு என்றுதான் இருக்கிறது. அதைவிட, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அதிகாலை எழுந்து வேலை. தொடங்கும் முன்பே அவரிடம் போய்ச் சொன்னேன், படம் பார்க்கவும் கூப்பிட்டேன். இப்போது நாற்காலி வரிசையில் முதல் இடம் அவருடையது.

படத்தை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓட்டில் ஜெயிப்பது எல்லாரும் ஏற்கெனவே பார்த்த படமாகத்தான் இருக்கும். எங்களிடம் முறை உண்டு. இந்த மாதம் யார் முறையோ அவர் சொல்வதுதான் படம், மற்றவர்கள் மறுக்கக் கூடாது. அப்படித்தான் ஒருவன் 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தைக் கொண்டுவந்தான். பாட்டே இல்லாத படம், ஒரு கொலை, ஆளாளுக்கு வேறொருவரைக் கைகாட்டுகிறார்கள். இடைவேளையில் டீயோடு, கொலைகாரர் யார் என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதி எவர்சில்வர் டப்பாவில் போட்டோம். ஒரு தோழியின் அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்க வராது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஈரானில் 1997-இல் மஜீத் மஜீதி எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' போட்ட அன்று, பத்து நிமிடத்தில் "போதும்மா, எனக்கே புரியுது" என்று கையமர்த்திவிட்டார். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? ஒன்றரை மணி நேரப் படம் என்பதால் பேசவும் நேரம் கிடைத்தது.

தின்ன என்ன செய்வது என்று மெனக்கெட வேண்டாம். பாக்கெட் முறுக்கு, சிப்ஸ் எதுவானாலும் முதலிலேயே கிண்ணத்தில் கொட்டிவிடுங்கள், காகிதம் கசங்கும் சத்தம் வசனத்தைத் தின்றுவிடும். சுண்டல் எந்தச் சத்தமும் போடாது. கால் கிலோ பாப்கார்ன் சோளம் வாங்கினால் பத்துப் பேருக்குத் தாராளம். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி இரண்டே சோளத்தைப் போடுங்கள், அது வெடித்த பிறகு பாத்திரத்தின் அடி நிறையும் அளவுக்கு மட்டும் போட்டு, மூன்று நான்கு தடவையாகப் பொரியுங்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். டிக்கெட் மாதிரிக் காசு மட்டும் வாங்காதீர்கள்.

படம் முடிந்ததும் உடனே லைட்டைப் போடாதீர்கள். பெயர்கள் ஓடி முடியும்வரை இருட்டிலேயே உட்காருங்கள். வெளிச்சத்தில் "நல்லாருக்கு, கிளம்பறேன்" என்று போயிருப்பவர்கள், இருட்டில்தான் தன் அப்பாவைப் பற்றியும் விட்டுப்போன வேலையைப் பற்றியும் பேசினார்கள். குரலைத் தாழ்த்திப் பதினோரு மணிவரைகூடப் பேசியிருக்கிறோம். அடுத்த முறை யாருடையதோ அவர் மாடிப்படி இறங்கும் முன் படத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் நான் வேட்டியை அவிழ்ப்பேன்.